தங்கக் கையும் நாய் படுத்த தோலும்

எங்கள் சர்தீஸ் நகரத்தில் அந்த வாரம் யாரும் உழவில்லை. உழுது என்ன ஆகப்போகிறது? ஆற்றங்கரையில்தான் கெர்சஸ் சாமி வந்து இறங்கிவிட்டாரே. தொட்டதெல்லாம் தங்கமாகும் வரத்தை மைடாஸ் ராஜா கழுவிவிட்ட அதே ஆற்றில் முங்கி, அதை அப்படியே அள்ளிக்கொண்டவராம். ரொட்டியும் தங்கமாகி, தண்ணீரும் தங்கமாகி, பசியில் அழுதுதான் ராஜா அதைக் கழுவினான். அந்தப் பாதிக் கதையை ஊர் வசதியாக மறந்துவிட்டது.

சாமியின் இரண்டு கைகளும் எப்போதும் வானத்தைப் பார்த்தே இருக்கும். கீழே இறக்கினால் பட்டதெல்லாம் தங்கமாம். சிஷ்யன் ஊட்டுவான், சாமி வாயைத் திறப்பார். வறுத்த ஆடு, அத்திப்பழம், திராட்சை மது என்று எதற்கும் அந்த வாய் மறுப்புச் சொன்னதில்லை.

காணிக்கை ஓர் உழவு மாடும் ஒரு கலப்பைக் கொழுவும். மாடு எங்கள் ஊர்த் தேவிக்குப் பலி. கொழு, அவள் திருவிழா முடிந்ததும் தங்கமாகத் திரும்பும். மாடுகள் என்னவோ மலைக்கு அந்தப் பக்கத்துச் சந்தைக்குத்தான் நடந்தன. தேவி அங்கே குடியிருக்கிறாள் போலும்.

உழவன் மானெஸ் தன் ஒரே மாட்டோடு வரிசையில் நின்றான். மனைவி நீசா கக்கத்தில் ஓர் ஆட்டுத்தோலோடு பின்னாலேயே வந்துவிட்டாள்.

"மாட்டைக் குடுத்துட்டு, ஏரை நீ இழுப்பியா?"

"தங்கக் கொழு வருதுடி."

"தங்கத்தால உழுதா வளைஞ்சுக்கும்யா. புள்ளைங்க எதைத் திங்கும்?"

"ஊரே குடுக்குது. ஊரு என்ன முட்டாளா?"

நீசா பதில் சொல்லவில்லை. நாகரிகம் தெரிந்தவள். நேரே சாமியிடம் போனாள்.

"வெறும் கல்லுல உக்காந்திருக்கீங்களே சாமி. இந்தத் தோலைப் போட்டுக்குங்க, மெத்துனு இருக்கும்."

சாமி மகிழ்ந்து, வெற்றுடம்போடு சாய்ந்துகொண்டார். குளிர்காலம் முழுக்க அதில் தன் நாய் படுத்திருந்ததை நீசா சொல்லவில்லை. நாயின் தெள்ளுப்பூச்சிகள் சொல்லிக்கொண்டன.

சாமி நெளிந்தார். "சொறிடா," என்று சிஷ்யனிடம் பல்லைக் கடித்தார். அவன் முதுகைச் சொறிந்தால் தொடையில் கடித்தது. தொடைக்குப் போனால் வயிற்றில். கடைசியில் அந்தப் புனிதமான கைகள் இரண்டும் சடாரென்று இறங்கி, தொப்பையைப் பரபரவென்று சொறிந்தன.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. தொப்பை தொப்பையாகவே இருந்தது.

"ஆகலையா சாமி?" என்றாள் நீசா. "தெள்ளாவது ஒண்ணு ரெண்டு தங்கமாகியிருக்கும், தேடிப் பாருங்க."

சாமி தேடவில்லை, ஓடினார். ஊர் துரத்தியது. மானெஸ் மட்டும் மாட்டுக் கயிற்றைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, "வீட்டுக்குப் போலாம் வா," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சந்தைக்குப் போன மாடுகள் திரும்பவில்லை. சாமி தொப்பையைச் சொறிந்த பிறகுதான் எங்களுக்கு உண்மை தெரிந்தது. அதற்கு முன்பே நாங்கள் ஒருமுறை தலையைச் சொறிந்து யோசித்திருந்தால், அவை இந்நேரம் வயலில் நின்றிருக்கும்.