சின்னப் பிடி வைத்த கைத்துவக்கு

அந்த வெள்ளிக்கிழமை காலை துவக்குக் கடையில் நின்றவர்கள் நாலே நாலு பேர்: இளைப்பாறிய பிரதம கணக்காளர் நாகராஜன், அவருடைய மனைவி யோகா, யோகாவின் தம்பி இரத்தினசிங்கம், கடைக்காரர் கெவின். ஐந்தாவதாகத் தானும் நின்று கண்ணால் கண்டதாக, கடல் கடந்து வந்த தமிழர் குடியேறிய ஹோம்புஷில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கண்ணாடிப் பெட்டியின் மேல் மூன்று கைத்துவக்குகள் கிடந்தன. ஒன்று காற்றழுத்தத்தில் சுடுவது. விலை மலிவு, ஆனால் பிரதம கணக்காளராக இருந்த ஒருவர் நாலு பேருக்கு முன்னால் தூக்கிக் காட்டக்கூடியது அல்ல. இரண்டாவது புத்தம் புதியது. அதன் விலையைக் கேட்டதும் யோகாவின் கை தன்னையறியாமல் தாலிக்கொடியைத் தொட்டுப் பார்த்தது. மூன்றாவது ஏற்கெனவே ஒருவர் பாவித்தது. கைக்கு அடக்கமான விலை.

"இதையே எடுங்கோ அத்தான்," என்றார் இரத்தினசிங்கம். "உங்கட கைக்கு அளந்து செய்தது மாதிரிக் கிடக்கு."

"என்ர கைக்குச் சரி. பிடிதான் மொத்தம், நல்ல தடிப்பு."

"உங்கட கைக்குச் சரியெண்டா பேந்தென்ன மொத்தம்?"

நாகராஜன் துவக்கைத் திரும்பக் கண்ணாடியில் வைத்தார். யோகா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிடி யாருடைய கைக்கு மொத்தம் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரே மகள் நிரூபாவின் கல்யாணக் கார்ட்டில் நாகராஜனின் பதவி விடுபட்டுப் போனது. "கார்ட்டில இடம் காணாதப்பா," என்றாள் மகள். "இடம் காணாட்டி என்ர பேரையும் எடுத்துவிடு," என்றார் தகப்பன். அவளும் அவருடைய மகள்தானே, எடுத்துவிட்டாள். இது ஒரு சின்ன விடயம் என்று நினைப்பவர்களுக்குக் குடும்பம் என்றால் என்னவென்று தெரியாது. நாகராஜன் மணவறையில் செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு குறையும் வைக்காமல் செய்தார். அதற்குப் பிறகு மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வயதில் இளையவள்தான் முதலில் கதைக்க வேண்டும். அதுதான் முறை.

ஆனால் முறைக்குக் காது கேட்காது. நாகராஜனுக்குக் கேட்டது. வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் வந்தால் போதும், பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். பக்கத்து வீட்டுக்காரருடைய கார் என்று தெரிந்த பிறகு மடித்த பேப்பரை மறுபடி விரிப்பார்.

அப்படியிருக்கும்போதுதான் போன வருடம் இரத்தினசிங்கம் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். "அத்தான், நிரூவை ஒரு பிஸ்டல் கிளப் கேற்றடியில கண்டனான். அவளும் சுடப் பழகுறாள் போல."

நாகராஜன் பள்ளிக்கூடத்தில் கடேற் படையில் சுட்டுப் பதக்கம் வாங்கியவர். கிளப்பில் சேரப் போகிறேன் என்று பத்து வருடமாக எல்லாக் கொண்டாட்டங்களிலும் சொல்லி வந்தவர், சேராதவர். அந்தக் கிழமையே போய்ச் சேர்ந்தார். மகளைத் தேடிப் போவது வேறு, சுடப் போன இடத்தில் மகள் தற்செயலாக எதிர்ப்படுவது வேறு. இரண்டாவதில் ஒரு மானக்கேடும் இல்லை.

ஆறு மாதம் சனிக்கிழமை தவறாமல் போனார். கிளப்புத் துவக்கை இரவல் வாங்கிச் சுட்டார். கண் கேற்றடியில் இருந்தபடியால் குறி ஒன்றும் சரிவரவில்லை. மகளும் வரவில்லை.

இரத்தினசிங்கம் காரணம் கண்டுபிடித்தார். "இரவல் துவக்குக்காரருக்குத்தான் சனி. சொந்தத் துவக்குக்காரர் எல்லாம் ஞாயிறு. அவள் ஞாயிறுதான் வாறாள்."

ஆகவே சொந்தத் துவக்கு.

கெவின் உள்ளே போய் நாலாவதாக ஒன்றைக் கொண்டுவந்தார். பழையதுதான், ஆனால் பிடி ஒடுக்கம். நாகராஜன் அதைக் கையில் எடுத்தார். "அப்பா, ஒருக்காத் தாங்கோ பாப்பம்" என்று யாரோ பக்கத்தில் நின்று கேட்பது போல இருந்தது. கேட்டால் கொடுப்பதா, கொஞ்சம் யோசிப்பதா? கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுக்கலாம்.

"உங்கள் கைக்கு இது சின்னதாயிற்றே," என்றார் கெவின் ஆங்கிலத்தில். "யாருக்கு?"

"என் மகளுக்கு."

கெவின் முகம் மாறியது. "இன்னொருவருக்காகத் துவக்கு வாங்க முடியாது ஐயா. சட்டம் விடாது."

நாகராஜனைச் சட்டம் மீறுகிறவராக ஒருவரும் இதுவரை பார்த்ததில்லை. அத்தானைக் காப்பாற்ற இரத்தினசிங்கம் முன்னால் வந்தார்.

"இல்லையில்லை, மகளுக்கு இல்லை. மகளோடு இவருக்கு இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தையே இல்லை. மகளால்தான் வாங்குகிறார்."

கெவின் துவக்கை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வாயை மூடடா," என்றார் யோகா தமிழில்.

"பொறுங்கோ அக்கா, விளக்கமாச் சொன்னா ஆள் விளங்கிக்கொள்ளும்." இரத்தினசிங்கம் மறுபடி ஆங்கிலத்துக்குத் தாவினார். "இது எங்கள் குடும்ப மானம் சம்பந்தப்பட்ட விடயம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எங்கே போகிறாள் என்று எங்களுக்குத் தெரியும்."

நாகராஜன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்கு ராகுகாலம். அனுமதிப் பத்திரம் வந்தால்தான் துவக்கு கையில் வரும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் முற்பணத்தையாவது நல்ல நேரத்தில் கொடுத்துவிட வேண்டும்.

"பத்தரைக்கு முதல் முடித்துத் தாருங்கள்," என்றார் கண்டிப்பாக.

"பத்தரைக்கு என்ன நடக்கப் போகிறது?" என்று கேட்டார் கெவின்.

"அதற்குப் பிறகு கூடாத காரியங்கள் நடக்கும்."

கெவின் நாலு துவக்கையும் உள்ளே வைத்துப் பூட்டினார். ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பின் அறைக்குப் போனவர் வரவேயில்லை.

பின்னேரத்துக்குள் கதை ஹோம்புஷைத் தாண்டி ஹரிஸ் பார்க் வரை போய்விட்டது. நாகராஜன் மகளைச் சுடத் துவக்கு வாங்கிவிட்டார் என்று அங்கே ஒரு இனிப்புக் கடையில் பேசிக்கொண்டார்களாம். பழைய நண்பர் ஒருவர் பதறிக்கொண்டு போன் எடுத்தார்.

"விசர்க் கதை!" என்று நாகராஜன் கத்தினார். "எனக்கு இன்னும் துவக்கே கிடைக்கேல்ல!"

துவக்குக் கிடைத்ததும் சுடுவாராம் என்று கதை திருத்தப்பட்டு மறுபடி சுற்றுக்குப் போனது. இரத்தினசிங்கம் வீடு வீடாகப் போன் எடுத்து, அத்தான் சுடுகிற ஆள் இல்லை, ஆறு மாதம் பழகியும் குறி பிடிக்கத் தெரியாதவர் என்று சொல்லிப் பார்த்தார். அந்த அவமானம்தான் மிச்சம்.

திங்கட்கிழமை பொலிஸ் வந்தது. வந்தது ஒரு தமிழ்ப் பிள்ளை, பெயர் றம்யா. வாசலில் சாமிப்படத்தைக் கண்டுவிட்டு அவள் தன் நீளமான சப்பாத்து நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து முடியும்வரை நாகராஜன் நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தார். யோகா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"சொறி அங்கிள், கேக்கத்தான் வேணும். நீங்கள் ஆருக்கும் ஏதும் செய்ய யோசிச்சனீங்களோ?"

"என்ர பரம்பரையில ஒருத்தரும் பொலிசுக்கு மறுமொழி சொன்னதில்லை, பிள்ளை."

"ஓக்கே. அப்ப ஏன் அங்கிள் இந்த வயசில துவக்கு?"

நாகராஜன் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். யோகா குசினிக்குப் போகாமல் அங்கேயே நின்றார்.

"ஞாயிற்றுக்கிழமையில போய் நிக்க," என்றார் கடைசியில். குரல் அவருடையது போல இல்லை. "அவள் அங்க சுட வாறவளெண்டு சொல்லிச்சினம். வந்தா என்னைக் காணுவாள். கண்டா… கதைப்பாள் எண்டு நினைச்சனான்."

றம்யா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் நிரூபா அக்காவோட கதைச்சிட்டுத்தான் வாறன், அங்கிள். அவ அந்தக் கிளப்பில மெம்பரே இல்லை, ஒருநாளும் துவக்குத் தொட்டதுமில்லை. போன வருசம் நீங்கள் அங்க சேர முதலே, சேந்திட்டீங்கள் எண்டு ஆரோ பிழையாச் சொல்லக் கேட்டு, கேற்றடியில நிண்டு உங்களை ஒருக்காப் பாத்திட்டுப் போகத்தான் அந்த ஒருநாள் வந்தவவாம்."