கஞ்சி போட்ட கார் டாப்

எனக்கு மெக்கானிக்கல் தெரியாது. இந்த ஒரு வரியை யாரும் கேட்காமல் நானாகச் சொல்ல எனக்குப் பதினோரு வருஷம் பிடித்திருக்கிறது. படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல்தான், சர்டிபிகேட் பீரோவில் இருக்கிறது. ஆனால் படித்து முடித்த நாளிலிருந்து நான் பார்க்கும் வேலை, ஒரு கம்பெனி கேட்டுக்குள் வரும் லாரிகளின் நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. எந்த ஸ்பேனர் எந்த நட்டுக்கு என்று கேட்டால் இன்றைக்கும் திருதிருவென்று முழிப்பேன்.

இதைப் பெண் பார்க்கப் போன அன்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். எங்கே சொன்னேன்!

ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டே தறி. பெண் வீட்டாருக்குப் பட்டுக் கடை. மாப்பிள்ளை இன்ஜினியர் என்று தரகர் அளந்துவிட்டதை நம்பித்தான் அவர்கள் எங்கள் சம்பந்தத்துக்கு இறங்கி வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, கேசரி தின்றுகொண்டிருந்த என்னைப் பின்பக்க ஷெட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு தார்ப்பாயை விலக்கினார். உள்ளே ஒரு பழங்காலத்து கார். மேலே இரும்புச் சட்டம், அதன்மேல் துணிக் கூரை. சட்டத்தை மடக்கிப் பின்னால் தள்ளினால் திறந்த காராகிவிடும். (தள்ளினால்தானே! சட்டம் முழுக்கத் துரு. துணியை எலி தின்று முடித்திருந்தது. இன்ஜின் மட்டும் நல்லவேளையாக ஓடியது.)

"என் பொண்ணு கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்பு இதுலதான்னு இத்த வாங்கும்போதே முடிவு பண்ணிட்டேங்க. டாப்ப மடக்கிட்டு, மாப்பிள்ளை ஊருக்கே தெரியற மாதிரி உக்காந்துகினு வரணும். நல்ல மெக்கானிக்காத்தான் தேடிகினு இருக்கேன்" என்றார்.

"மெக்கானிக் எதுக்கு மாமா? நான் மெக்கானிக்கல்தானே!"

இந்த வாயில் சூடு போட்டால் தகும். மாமா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கதவோரம் நின்ற கோமதி, அதாவது பெண், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்மேல் மதிப்பு என்று நினைத்துக்கொண்டேன். (சந்தேகம் என்று பிற்பாடு சொன்னாள்.)

வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசித்தேன். சட்டம் மடங்காவிட்டால் இன்ஜினியர் கதை புளுகு என்று தெரிந்துபோகும். கல்யாணமே நின்றாலும் நிற்கும்.

லீவு போட்டுவிட்டுச் சட்டத்தைக் கழற்றினேன் என்று எழுத ஆசைதான். கழற்றியது, சேத்துப்பட்டு ரோட்டில் வெல்டிங் கடை வைத்திருக்கும் ஏழுமலை. நான் பக்கத்தில் நின்று "பாத்து, பாத்து" என்றேன். அதற்கப்புறம் துருவைத் தேய்த்தது மட்டும் சத்தியமாக நான்தான். மண்ணெண்ணெயும் உப்புத்தாளுமாக ஒரு வாரம் தேய்த்ததில் விரல் ரேகையெல்லாம் போய்விட்டது. ரெட் ஆக்சைடு, அதன்மேல் கறுப்பு பெயின்ட், மூட்டுக்கு மூட்டு எண்ணெய். ஒரு விரலால் தள்ளினால் சட்டம் படுத்துக்கொண்டது. மாமாவை மூன்று தடவை வரவழைத்துத் தள்ளிக் காட்டினேன்.

அப்புறம் சீட் தைக்கிற கடையில் கித்தான் துணி தைத்து மாட்டினார்கள். எல்லாம் சரி, துணியில் கொஞ்சம் தொய்வு.

"அந்த லூஸ் இருந்தாத்தாங்க மடங்கும். கை வெக்காதீங்க" என்றார் ஏழுமலை.

தறிக்காரன் பிள்ளைக்குத் தொய்வைப் பார்த்தால் உடம்பெல்லாம் அரிக்கும். எங்கள் தெருவில் விடிந்ததும் தறிக்குப் போகவேண்டிய பட்டு நூலைப் பாவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி விறைப்பாக்குவார்கள். பாவு தொய்ந்திருந்தால் நாலு பேர் சிரிப்பார்கள். பாவுக்கு ஆகிற வைத்தியம் காருக்கு ஆகாதா? முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை, வண்டி எங்கள் வீட்டு வாசலில் நிற்க, அம்மாவிடம் ஒரு குண்டான் கஞ்சி கேட்டேன்.

"யாருக்குடா ஒடம்பு சரியில்ல?"

"காருக்கும்மா."

கல்யாண அவசரத்தில் அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. மூன்று பூச்சுப் பூசினேன். சித்திரை வெயிலில் மதியத்துக்குள் கூரை தவில் மாதிரி விறைத்துவிட்டது. தட்டிப் பார்த்தேன், மடக்கிப் பார்க்கவில்லை. (கஞ்சி காய்ந்த பாவை யாராவது மடக்குவார்களா?) வழிந்த கஞ்சி எங்கே போனது என்றும் யோசிக்கவில்லை. அது ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் இறங்கிக் கெட்டியாக உட்கார்ந்துவிட்டிருந்தது.

சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசல். பேண்டு செட், சொந்தபந்தம் எல்லாம் தயார். நான் கோட்டு சூட்டில் பின்சீட்டில். "எங்க மாப்பிள்ளை தன் கையால ரெடி பண்ண வண்டி!" என்று அறிவித்துவிட்டு, மாமா டாப்பை மடக்கச் சொன்னார். நாலு பேர் தள்ளினார்கள், அசையவில்லை. எட்டுப் பேர் தள்ளினார்கள், கார்தான் நகர்ந்தது.

"இன்னாங்க மாப்பிள்ளை?"

"மழை வர்ற மாதிரி இருக்கு மாமா. மூடியே போயிடலாம்."

வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. வேறு வழியில்லாமல் ஊர்வலம் கிளம்பியது. மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, ஜன்னல் வழியே பிரசவ வார்டில் எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே நான் வெந்துகொண்டிருந்தேன்.

கடைத்தெரு திரும்பியதும் கஞ்சி வாசனைக்கு ஒரு மாடு வந்தது. அது கூரையை நக்க ஆரம்பிக்க, இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. பேண்டுக்காரர்களுக்குச் சமமாக மாடுகளும் நடந்து வந்தன. மண்டபத்துக்கு நூறடி இருக்கும்போது போன் அடித்தது. கோமதி. மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இன்னாங்க, மாடு எதுக்கு வண்டிய நக்கிகினு வருது?"

"பாசமா இருக்கும்."

அவளும் ஆரணிப் பெண்தானே.

"கஞ்சி போட்டீங்களா?"

"மூணு பூச்சு."

"அய்யோ கடவுளே! வண்டிய வாசல்ல நிறுத்தச் சொல்லுங்க."

மண்டப வாசலில் வண்டி நின்றதும் கோமதி அனுப்பிய சமையல்காரர்கள் அண்டா நிறைய வெந்நீரோடு ஓடிவந்து மூட்டு மூட்டாக ஊற்றினார்கள். மாமா ஆத்திரத்தோடு ஒரு இழு இழுத்தார். டமால்! இறுகியிருந்த சட்டம் மொத்தமும் ஒரே நொடியில் பின்னால் சாய்ந்தது. சாய்கிற போக்கில், துணியில் தேங்கியிருந்த கஞ்சித் தண்ணீரை என் தலையில் கவிழ்த்துவிட்டுப் போனது. ஊருக்கே தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு மாடு என் கோட்டுத் தோளை நக்கியது. பேண்டுக்காரர்கள் சிரித்த சிரிப்பில் வாசிப்பே நின்றுபோனது.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. "உண்மையச் சொல்லுங்க. நீங்க இன்னா வேலை பாக்கறீங்க?"

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"லாரி நம்பர் ஏத்தறேன் மாமா. ஸ்பேனர் புடிக்கக்கூடத் தெரியாது."

அவர் முகம் சிவந்துவிட்டது. மண்டபத்துப் பக்கம் திரும்பினார். அங்கே தலை நிறையப் பூவோடு கோமதியே படியிறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்பா. போன் பண்ணா பின்னாடி லாரி ஆரன்தான் கேக்குது. கட்டிக்கப் போறது நானு, எனக்கு இவர் போதும். ஜல்தியா அந்த மாட்ட ஓட்டிட்டு அவர உள்ள கூட்டினு வாங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முகமெல்லாம் கஞ்சியாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மாமா மன்னித்துவிட்டார் என்று சொல்லமுடியாது. ஏழுமலையை வைத்துச் சட்டத்தைச் சரிபண்ணினார். அதன்பிறகு அந்த வீட்டுக் கல்யாணம் ஒவ்வொன்றிலும் எனக்கென்று ஒரே வேலைதான். போன மாசம் மச்சான் கல்யாணத்திலும் மாப்பிள்ளை அழைப்பு புறப்படும் நேரத்தில் ஒரு நீளக் குச்சியை என் கையில் கொடுத்து, "மெக்கானிக்கல் வேலை இருக்குது, வண்டி பின்னாடியே வாங்க" என்றார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் என் மகளிடம், "உங்கப்பா இன்னா பண்றாரும்மா?" என்று கேட்டார்.

"மாடு ஓட்டறாரு" என்றது அந்தக் குட்டி.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆமாங்க" என்றேன்.