மூன்றாவது அவுட்டுக்கு முன்

"தெரியாது" என்று சொன்னால் பல் கொட்டிவிடும் என்று நம்பியே இருபத்தொன்பது வயதுவரை வாழ்ந்தவன் நான். லண்டனில் முதல் வேலைக்குப் போன அன்று போர்க்லிப்ட் ஓட்டுவாயா என்று கேட்டார்கள். "ஓம்" என்றேன். (அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்காதீர்கள்.) ஆகவே ஓர் அமெரிக்கர் வந்து பேஸ்பால் விளையாடுவாயா என்று கேட்டபோது மட்டும் நான் உண்மை சொல்லியிருப்பேன் என்று நீங்கள் எதிர்பார்க்கக்கூடாது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஹீத்ரோவில் விமானங்களுக்குச் சாப்பாட்டு வண்டி ஏற்றுகிற வேலை. ஒரு சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து, ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் மரப்பலகை வாங்கு ஒன்றில் குந்தியிருந்தேன். வெள்ளைப் பந்தொன்று உருண்டு வந்து என் சப்பாத்தில் முட்டியது. தூரத்தில் ஒரு பெரிய மனிதர் கையாட்டினார். எடுத்து எறிந்தேன்.

இங்கே ஒரு தற்பெருமை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணியில் எனக்கு மட்டையும் பிடிபடாது, பந்துவீச்சும் வராது. ஆனால் எல்லைக்கோட்டில் நின்று எறிந்தால் விக்கெட் காப்பாளரின் கைக்குள் நேராகப் போய் விழும். அன்றும் அப்படித்தான் போனது. அந்த மனிதர் தன் கையுறைக்குள் இருந்த பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஓடியே வந்துவிட்டார்.

"இதை எங்கே பழகினாய்?"

"யாழ்ப்பாணத்தில்."

"அங்கே பேஸ்பால் இருக்கிறதா?"

"இருக்கிறது. நாங்கள் எல்லே என்று சொல்லுவோம்."

எல்லே தெரியாதவர்களுக்கு: தடியால் மென்பந்தை அடித்துவிட்டு நாலு கம்பத்தைச் சுற்றி ஓடுகிற எங்கள் ஊர் விளையாட்டு. தூரத்தில் நின்று பார்த்தால் பேஸ்பால் மாதிரியே இருக்கும். வேம்பும் கறிவேப்பிலையும் கூடத் தூரத்தில் ஒன்றுதான். கறிக்குள் போட்டால்தான் தெரியும்.

அந்த மனிதர் பெயர் ராய். இளம்வயதில் அமெரிக்காவில் கீழ்மட்ட அணியொன்றில் மூன்று வருடம் சம்பளத்துக்கு விளையாடியவர். ஆங்கிலேயப் பெண்ணைக் கட்டி லண்டனுக்கு வந்து, பொய்லர் திருத்திப் பிழைத்தார். பத்தொன்பது வருடமாக அந்தக் கிளப்பை நடத்திவந்தார். பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூடச் சம்பியன் ஆகவில்லை. முந்தைய வருடம் கடைசி இடம். "முழங்கால் முடிந்துவிட்டது. இதுதான் என் கடைசிக் கோடை" என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். என் கையில் ஒரு விதிமுறைப் புத்தகத்தைத் தந்தார்.

"வேண்டாம் கோச். எனக்கு எல்லாம் அத்துப்படி" என்று திருப்பிக் கொடுத்தேன்.

முதல் பயிற்சி நாள். எங்கள் ஆளே ஒருவர், பிரையன் என்ற தபால்காரர், பேஸுக்குப் பேஸ் (எல்லேயின் கம்பங்களுக்கு ஈடு) ஓடிக்கொண்டிருந்தார். பந்து என் கைக்கு வந்தது. எல்லேயில் ஓடுகிறவன் மேல் பந்தால் எறிந்து பட்டால் அவன் அவுட். எறிந்தேன். பிரையனின் முதுகில் 'தொம்' என்று விழுந்தது. நான் ஒற்றை விரலைத் தூக்கி "அவுட்!" என்று கத்தினேன். எல்லேப் பந்து மெத்தென்று இருக்கும், பேஸ்பால் பந்து கருங்கல் மாதிரி இருக்கும் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஒரு சின்ன விஷயமாகத்தான் பட்டது. அந்தாள் இரண்டு கிழமை, பதினாலு நாளும், கூனிக்கொண்டுதான் கடிதம் கொடுத்தாராம்.

ஊரில் என்றால் எங்கள் கப்டன் என் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பான். ராய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னை மைதானத்தின் வலதுபக்கக் கடைசி மூலைக்கு அனுப்பினார். பந்து அதிகம் வராத மூலை அது. அங்கே நின்றுதான் அந்தக் கோடை முழுவதையும் பார்த்தேன். விளையாடினேன் என்று சொல்ல மனச்சாட்சி விடவில்லை. இரண்டு கேட்ச் வந்தது, இரண்டையும் கோட்டைவிட்டேன்.

ஆனால் என்ன ஒரு கோடை! எங்கள் பந்து எறிபவன் ராமோன், கியூபாக்காரன். கிழமை முழுவதும் ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவுபவன். அவன் எறிகிற பந்து நேராக வந்து, கடைசி நேரத்தில் மேசை விளிம்பால் தவறிய தேத்தண்ணீர்க் கோப்பை மாதிரித் 'தொபுக்' என்று கீழே இறங்கும். மட்டைக்காரன் காற்றை அடித்துவிட்டு மட்டையைப் பார்ப்பான். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். எத்தனையோ தடவை பார்த்தும் அந்தப் பிரமிப்பு எனக்குத் தீரவேயில்லை. முதல் வெற்றி தற்செயல் என்றார்கள். ஐந்தாவது வெற்றிக்குப் பிறகு ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. யாராவது பிழைவிட்டால் மற்றவர்கள் வந்து தோளில் தட்டிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். வைகாசியில் கடைசி இடத்து அணி, ஆவணியில் இறுதிப் போட்டியில் நின்றது. ராய் வாயே திறப்பதில்லை. திறந்தால் அதிர்ஷ்டம் உடைந்துவிடும் என்று பயந்தவர் போல இருந்தார்.

வீட்டில் நிலைமை வேறு. என் மனைவி வதனிக்கு அந்தக் கோடையின் கணக்கு வேறுமாதிரி இருந்தது. "சனிக்கிழமை எண்டால் ஆளைப் பிடிக்கேலாது. மூண்டு கலியாணவீடு, ஒரு சாமத்தியவீடு, எல்லாத்துக்கும் நான் தனியப் போனனான். அங்கை என்ன, நீங்கள் இல்லாட்டில் ஆட்டம் நடக்காதோ?"

"நான்தானப்பா அதிலை முக்கியமான ஆள்" என்றேன். (பல் கொட்டிவிடும் அல்லவா.)

"அப்ப அந்த முக்கியத்தை நானும் ஒருக்காப் பாப்பம்" என்றாள்.

இறுதிப் போட்டிக்கு வதனியும், பிரான்ஸிலிருந்து வந்து ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை போட்டிருந்த அவளுடைய தம்பி சுரேனும், ஒரு பெட்டி தட்டைவடையோடு வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் கிரிக்கெட் தண்ணிபட்ட பாடு. பேஸ்பால் எனக்குத் தெரிந்த அளவுக்குத்தான் அவர்களுக்கும் தெரியும்.

கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஐந்து, அவர்கள் நாலு. பேஸ்பாலில் மூன்று பேர் அவுட்டானால் ஒரு பக்கத்தின் முறை முடியும். ஒருவன் அவுட். அவர்களுடைய ஆட்கள் இரண்டு பேர் இரண்டாம், மூன்றாம் பேஸில் ஓடத் தயாராக நிற்கிறார்கள். இன்னும் இரண்டு அவுட் எடுத்தால் ராயின் பத்தொன்பது வருடம் கரைசேரும். அடித்தவன் ஓங்கி அடித்தான். பந்து வானத்தில் ஏறி, எங்கேயெல்லாமோ போகக்கூடியது, என் மூலைக்கு வந்தது.

ஓடினேன். எப்படி ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கடைசி நேரத்தில் பாய்ந்தேன். நெஞ்சு நிலத்தில் அடிபட, கையுறையின் நுனியில் பந்து ஒட்டிக்கொண்டது. பிடித்துவிட்டேன்! என் வாழ்நாளில் அப்படி ஒரு கேட்ச் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கிரிக்கெட் விளையாடியவன் கேட்ச் பிடித்தால் என்ன செய்வான்? பந்தின் கதை அத்தோடு முடிந்தது. தூக்கி வானத்துக்கு எறிவான். நானும் எழும்பிப் பந்தை என் பலம் முழுவதையும் கொடுத்து மேலே எறிந்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வட்டமாக ஓடத் தொடங்கினேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் தலைக்கு மேலே ஒரு விமானம் ஹீத்ரோவில் இறங்கப் போனது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக் கையை வீசி, வாயைத் திறந்து, குதித்துக்கொண்டிருந்தார்கள். பிரையன் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். அட, இந்தச் சனத்துக்கு என்மேல் இவ்வளவு பாசமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் கையாட்டினேன். கரையில் வதனி எழும்பி நின்று கைதட்டினாள். சுரேன் விரலை வாய்க்குள் விட்டு விசிலடித்தான். பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தட்டைவடை நீட்டினான். ஒருவரும் எடுக்கவில்லை.

விமானம் போனது. "பந்து! பந்து!" என்ற அலறல் கேட்டது.

பேஸ்பாலில் கேட்ச் பிடித்தாலும் பந்து சாகாது. பேஸில் காலை வைத்து நிற்பவர்கள் அதன் பிறகு ஓடலாம். நான் பறவையாக மாறிப் பறந்துகொண்டிருந்த நேரத்தில் இரண்டு பேரும் ஓடி, 'வீடு' என்று சொல்லுகிற கடைசிப் பேஸைச் சேர்ந்து ஆளுக்கொரு ஓட்டம் எடுத்துவிட்டார்கள். நாலு ஆறாகிவிட்டது. மைதானம் முழுவதிலும் மூன்றே மூன்று பேர்தான் அதைக் கொண்டாடினோம். மூன்று பேரும் தமிழர்.

பூமி பிளந்து என்னை விழுங்கட்டும் என்று நின்றேன். ராமோன் அடுத்தவனை அவுட்டாக்கினான். தலையைக் குனிந்துகொண்டு வாங்குக்கு வந்தேன். ராயின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவராகவே பக்கத்தில் வந்து இருந்தார்.

"இந்த நாட்டில் நான் பார்த்த மிகச் சிறந்த கேட்ச் அது" என்றார். என் தோளில் தட்டி, "அடுத்தமுறை பந்தைக் கையில் வைத்திரு" என்றார். அவ்வளவுதான். பத்தொன்பது வருடக் கனவை வானத்துக்கு எறிந்தவனுக்கு அந்த மனிதர் சொன்னது அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது.

எங்கள் கடைசி முறை. இரண்டு பேர் அவுட். மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். ஒரு ஓட்டம் எடுத்தால் சமநிலை. அடிக்கப் போகவேண்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? நானேதான். விதி என்றால் அதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

முதல் பந்தே நேராக வந்து என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, பின்பக்கம், பலமாக விழுந்தது. உயிர் போய் வந்தது. ஆனால் கிரிக்கெட்காரன் அடிபட்டால் தடவக்கூட மாட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மட்டையைத் தூக்கி நின்றேன். நடுவர் முதல் பேஸைக் காட்டி "போ" என்றார்.

"இல்லை ஐயா, நோகவில்லை. நான் விளையாடுவேன்."

"போ!"

"உண்மையாகவே நோகவில்லை!"

ராய் தன் முடிந்துபோன முழங்காலோடு வாங்கைவிட்டுத் துள்ளி எழும்பினார். "பந்து உடம்பில் பட்டால் உனக்கு ஒரு பேஸ் இலவசம்! போ, மகனே, போ!" எல்லோரும் ஒவ்வொரு பேஸ் முன்னேற, மூன்றாம் பேஸில் நின்ற பிரையன் வீடு வந்து சேர்ந்தார். ஆறுக்கு ஆறு. என் வாழ்நாளின் ஒரே ஓட்டத்தை நான் எந்த உறுப்பால் எடுத்தேன் என்பதை இதற்கு மேல் விளக்கமாட்டேன். அடுத்து வந்த ராமோன் ஓர் அடி அடித்தான். பந்து புல்லைத் தொட்டு ஓட, மூன்றாம் பேஸில் நின்றவர் வீடு சேர, நாங்கள் சம்பியன்.

எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். ராய் மட்டும் தனியாக நடந்துபோய் முதல் பேஸுக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடினார். அந்தப் பெரிய தோள்கள் குலுங்கின. பார்த்தபடி நின்றேன். ஒரு மனிதனுக்குள் பத்தொன்பது வருடம் இப்படிச் சத்தம் போடாமல் இருக்கமுடியுமா என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தக் காட்சியை அவரிடமிருந்து நான் மயிரிழையில் பறித்திருப்பேன்.

திரும்பிவரும்போது சுரேனின் காருக்குள் நானும் வதனியும் மிஞ்சிய தட்டைவடையைக் கடித்துக்கொண்டு வந்தோம். கடைசியில் சுரேன் கேட்டான். "அத்தான், ஒண்டு கேக்கட்டே? நீங்கள் பந்தை எறியேக்கை எத்தினை அவுட்?"

"ரெண்டு."

"எத்தினை வேணும்?"

"மூண்டு."

வதனி சிரிக்கத் தொடங்கினாள். வீடு வந்தும் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து எனக்கு எந்தச் சந்தோசம் வந்தாலும் அவளிடமிருந்து ஒரு கேள்வியும் வரும். கார் ஓட்டும் சோதனையின் எழுத்துப் பகுதியில் சித்தியடைந்து துள்ளினேன். "எத்தினை அவுட்?" வீட்டுக்கு வங்கி கடன் தரலாம் என்று கடிதம் வந்தது. "பொறுங்கோ, எத்தினை அவுட்?" சுரேனின் கடையில் வேலை செய்கிறவர்கள்கூட அதைச் சொல்கிறார்களாம்.

இரண்டு வருடம் கழித்து எங்கள் மகள் ஏழு கிழமை முந்திப் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தாள். அப்போது நான் யாருக்கும் போன் எடுக்கவில்லை. இன்று நிறை கூடியது என்பார்கள், சிரிக்கமாட்டேன். குழாயைக் கழற்றினார்கள், வாயைத் திறக்கமாட்டேன். வதனியும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. முப்பத்தெட்டாவது நாள் டொக்டர் வந்து, கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லி, பிள்ளையை என் கையில் தந்தார். எனக்குச் சந்தோசப்படப் பயமாக இருந்தது.

"வதனி," என்றேன் மெதுவாக, "எத்தினை அவுட்?"

அவள் கண்ணைத் துடைத்தாள். "மூண்டும் முடிஞ்சுதப்பா. இனிச் சந்தோசப்படுங்கோ" என்றாள். பிறகு சட்டென்று எட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா பிள்ளையைத் தூக்கி எறிஞ்சு போடாதேங்கோ!"