மொட்டையை மூடு

கணினிப் படிப்பு படித்தவர்களின் சொந்த மடிக்கணினியைத் தயவுசெய்து திறந்து பார்க்காதீர்கள். ஊரில் பாதிப் பேருடைய கணினியைச் சரிசெய்து கொடுத்த எனக்கு, என்னுடையதில் விளம்பரத் தடுப்பான் போட மட்டும் நேரம் கிடைத்ததில்லை. (நேரம் இருந்தது. சோம்பேறித்தனம்.)

அந்த நிலைமையில்தான் சுத்துக்கேணியிலிருந்து எங்கள் ஊர் ஏம்பலத்துக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சரவணனுக்குத் திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. போட்டோவிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. இந்த இடம் தட்டிப்போகக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவருடைய அப்பா, "நிச்சயத்துக்கு நாள் பாத்துடலாமா?" என்றார். சுவரில் காலண்டர் தொங்கியது. ஆனாலும் மகள் படித்த படிப்பைக் காட்ட வேண்டுமே. "கம்ப்யூட்டர்ல பாப்போம் சம்பந்தி, டிவியில பெருசா தெரியும்" என்று என் அப்பா கேபிளை மாட்டச் சொல்லிவிட்டார்.

நான் காபித் தட்டுடன் தலைகுனிந்து நிற்க வேண்டியிருந்ததால், தங்கை மலர் கணினி முன் உட்கார்ந்தாள். பஞ்சாங்கம் திறந்தது. அதன்மேல் துள்ளிக்கொண்டு ஒரு மொட்டைத் தலை வந்தது. தைல விளம்பரம். நாற்று நட்டதுபோல் வரிசையாக முடி முளைக்கும், கண்ணடிக்கும், எல்லாம் கொட்டி மறுபடி பளபளக்கும். மூலையில் கடுகளவு பெருக்கல் குறி. மலர் அதை அமுக்கியதும் துணைக்கு இன்னொரு மொட்டை வந்தது.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போறத பத்தி..." என்று அவர் அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்.

"மொட்டைய மூடு" என்று கத்திவிட்டேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, நிதானமாகத் தலையையும் மூடிக்கொண்டார்.

"ஐயோ மாமா, உங்கள இல்ல. அந்த மொட்டைய." (விளக்கிய பிறகு நிலைமை இன்னும் மோசமானது.) அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

சிரிப்பை அடக்கப் பார்த்துக் காபி புரையேறியது சரவணனுக்கு. இருமிக்கொண்டே எழுந்து வந்து, மலரை நகரச் சொல்லி, தடுப்பானைப் போட்டார். மொட்டைகள் மறைந்து நல்ல நாள் தெரிந்தது. "உங்க கம்ப்யூட்டர்ல எது ஆடணும்னு நீங்கதான முடிவு பண்ணணும்" என்றார். என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. (காதல் வசனம் என்றே இன்றுவரை கணக்கு.)

துண்டு குலுங்கத் தொடங்கியது. மாமாவும் சிரிக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இன்னா சத்தம்பா. தாராளமா வேலைக்குப் போவட்டும், வூட்டுல இருந்தா நம்ம காது தாங்காது" என்று விட்ட பேச்சை முடித்தார்.

இப்போதும் மாமா நீளமாகப் பேசினால் யாராவது "மொட்டைய..." என்று இழுப்பார்கள். அவரே துண்டைத் தேடுவார்.

ஆனால் யாரும் இல்லாதபோது என்னிடம் வந்து கேட்பார்: "ஏம்மா, அந்த எண்ண பேரு இன்னா? உம்புருஷன் மூடுனதோட சரி, அப்புறம் கண்ணுலயே படல."

எங்கள் வீட்டில் எல்லார் போனிலும் தடுப்பான் உண்டு. மாமா மட்டும் தன் போனைத் தொடவே விடுவதில்லை. அந்த மொட்டைக்காகக் காத்திருக்கிறார்.