ஆறேகால் கிராணி அளக்காத குவளை

ஜொகூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் ஆறேகால் கிராணியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்கமாட்டார். அளக்காத எதைக் கண்டாலும் பயப்படுவார். அளந்துவிட்டால் இன்னும் அதிகமாகப் பயப்படுவார்.

கோத்தா திங்கி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவரும் நானும் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகள். ஒரு கன அடிக்கு ஆறேகால் கேலன் தண்ணீர் என்பதை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். பெயர் அப்படித்தான் ஒட்டியது. காப்பிக் குவளையைக்கூட அளந்துதான் வாயில் வைப்பார், புரையேறிச் செத்துவிடுவோமோ என்று. ஆற்றைக் கடக்கச் சம்பானில் ஏறினால் முதலில் அதன் நீள, அகல, ஆழத்தை அளப்பார். "ஒரு கேலன் தண்ணி பத்து ராத்தல். இந்தப் படகு நம்ம எல்லாரையும் தாங்காது. கங்காணி, நீங்க எறங்குங்க!" என்பார். "அலமாக்!" என்று மலாய்க்காரப் படகோட்டி தலையில் கை வைப்பார். கங்காணி தொந்தியைத் தடவி முறைத்துக்கொண்டே இறங்குவார்.

அந்த வருடம் பக்கத்துத் தோட்டத்தில் வாந்திபேதி வந்தது. காலையில் பால் வெட்டப் போனவர்கள் சாயங்காலம் இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் இருந்ததோ ஒரே கிணறு. ஆஸ்பத்திரி டிரெஸர் வெள்ளை மருந்துத் தூளோடு வந்து, "கெணத்துல எத்தன கேலன் நிக்குது? அதுக்குத் தக்கனதான் போடணும்" என்றார். எல்லாரும் ஆறேகாலைப் பார்த்தோம்.

கங்காணி கயிறு பிடித்துக் கிணற்றின் குறுக்களவையும் தண்ணீரின் ஆழத்தையும் சொன்னார். ஆறேகால் கணக்குப் போட்டார். தூளைக் கொட்டினோம்.

விடிந்ததும் வாளியை இழுத்தால் நெடி மூக்கை அறுத்தது. "கிராணி வெசம் வச்சுட்டாருடி! ஆத்துத் தண்ணியே மேலு, வாங்க!" என்று பெண்கள் குடங்களோடு கிளம்பினார்கள். அந்த ஆறு பக்கத்துத் தோட்டத்தைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. தாகத்தில் அழுத என் மகளும் அவர்கள் பின்னால் ஓடினாள்.

ஆறேகால் குறுக்கே பாய்ந்து வழியை மறித்தார். "ஐயோ, போகாதீங்க! குறுக்களவுல பாதிய வச்சுல்ல பெருக்கணும், முழுசையும் வச்சுப் பெருக்கிட்டேன். நாலு மடங்கு மருந்து விழுந்துருச்சு. நாலுல மூணு பங்கு தண்ணிய எறைச்சு ஊத்துங்க. ஊத்து ஊறி நெரம்பினா சரியாயிரும்!"

லயமே சேர்ந்து இறைத்தோம். பிள்ளைகளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துச் சமாளித்தோம். சாயங்காலம் தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏறியது. ஆனால் ஒருவரும் கிட்டே போகவில்லை.

"கணக்குப் போட்டவரு மொதல்ல குடிக்கட்டும்" என்றார் கங்காணி.

ஆறேகாலின் முகம் வெளுத்தது. என் மகளைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குவளையைக் காலி செய்தார். பிறகு என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து கையை நீட்டினார்.

"நாடி ஓடுதான்னு பாருங்க சார்."

நன்றாகவே ஓடியது. என் மகள் அதே குவளையில் மொண்டு மடக் மடக்கென்று குடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு குடிச்சீங்க?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"அய்யய்யோ, அளக்கலையே!" என்றவர் அப்போதுதான் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தார். நாடி பார்த்து முடித்த பிறகும் அந்தக் கையை விட எனக்கு மனம் வரவில்லை.