இரும்பைக் கடிச்ச மர ரம்பம்

அதாண்டி கஸ்தூரி, உன் ஓரகத்தி பீரோ சாவிய எங்க வெச்சோம்னு வூட்டையே பொரட்டிக்கினு கீறான்னியே, சிரிக்காத. கண்ட எடத்துல வீசறவளுக்கு எப்பவும் கையில கெடைக்கும். பத்திரமா வைக்கிறவதான் மாட்டிக்குவா. உக்காரு, அடுப்புல பாலு வெச்சிருக்கேன். அது காயறதுக்குள்ள எங்க திருப்பதி கூத்த சொல்லிடறேன். (நடுவுல ஞாபகப்படுத்து. வாயத் தொறந்தா எனக்கு அடுப்பு மறந்துடும்.)

எம் பொண்ணு மல்லிகா அங்க வூடு கட்டினா இல்ல? புருசனும் பொண்டாட்டியும் ஒரு நல்ல துணிமணி கூட வாங்காம கட்டின வூடு. கிரகப்பிரவேசத்துக்கு அய்யரு காலையில ஏழரைக்குள்ளன்னு நேரம் குறிச்சாரு. மொதல்ல பசு உள்ள போவணும், அப்புறம் பாலு பொங்கணும். அத வுட்டா ஆடி கழிஞ்சுதான் நல்ல நாளாம். அதுவரிக்கும் வாடகை வூட்லயே கெடக்கணும்.

மொத நாளு சாயங்காலம் கேட்டப் பூட்டினோம். சம்பந்தியம்மா கைய நீட்டினாங்க. "சாவிய என்னாண்ட குடுங்க, நான் பாத்துக்கறேன்."

நான் வுடுவனா? "என்னாண்ட இருந்தா சாமி உண்டியல்ல இருக்கற மாதிரி"ன்னேன். உண்டியல்ல போட்டது திரும்பி வருமாடி? அது அப்ப எனக்குத் தோணல.

மறுநாளு காலையில பட்டுப்புடவைய சரசரன்னு கட்டிக்கினு எல்லாரும் கேட்டாண்ட நிக்கறாங்க. பசுவுக்கு மஞ்சப் பூசி, கொம்புல பூ சுத்தி, அது என்னைவிட அழகா நிக்குது. நான் சுருக்குப்பைய அவுக்கறேன். வெத்தல கீது, பாக்குவெட்டி கீது, புத்தூர் பஸ்ஸு டிக்கெட்டு கூட கீது. சாவி இல்ல!

"அத்த, நல்லா பாருங்க"ன்னாரு மாப்புள. பையத் திருப்பி ஒதறினேன். வெத்தலக் காம்புதான் வுழுந்துது.

கல்லால அடிச்சாங்க. அந்தப் பூட்டு அசையுமா? ஜெயிலுக்குப் போடற மாதிரி பெருசா நானே பாத்து வாங்கினதாச்சே. மாப்புள செவுரு ஏறிக் குதிச்சு உள்ள போயிட்டாரு. அவரு போனா போதுமா? பசு குதிக்குமா?

அப்பதான் ஆசாரி முனிரத்தினம் கண்ணுல பட்டான். வாசக் கதவு அடி தரையில ஒரசுதுன்னு, ஓரத்த அறுக்கறதுக்குக் கரெண்டு ரம்பத்த எடுத்தாந்திருந்தான். வட்டமா தட்டு மாதிரி பிளேடு, சுத்தி பல்லு.

"முனிரத்தினம், அந்த மிஷினுல பூட்ட அறுடா!"

"வத்தும்மா, வேணாம்மா! இது மரம் அறுக்கறதும்மா. இரும்புக்கு வேற பிளேடு, வேற மிஷின்."

"எல்லாம் பல்லுதானேடா? சோறு துன்ற பல்லு முறுக்கு துன்னாதா?"

"முறுக்கு வேற, பூட்டு வேறம்மா!"

அய்யரு கடியாரத்த பாக்கறாரு. சம்பந்தியம்மா என்னைப் பாக்கறாங்க. மல்லிகா கண்ணுல தண்ணி கோத்துக்கினு கீது. "அறுக்கறியா, இல்ல நான் புடிச்சு அறுக்கட்டுமா?"ன்னு மிஷினுல கைய வெச்சேன். பயந்துட்டான் பாவம். எதிர் வூட்டு சரோஜம்மா ஜன்னல்ல ஒயரு குடுத்தாங்க. (நம்ம மீட்டரு கேட்டுக்கு உள்ள மாட்டிக்கினு கீதே!)

வெச்சான் பாரு பூட்டு மேல! கிர்ர்ர்ன்னு ஒரு சத்தம், பல்லெல்லாம் கூசுது. நெருப்புப் பொறி தீவாளி மத்தாப்பு மாதிரி பறக்குது. சம்பந்தியம்மா பட்டுல பொட்டு பொட்டா ஓட்டை. மிஷினுக்குள்ள இருந்த மரத்தூளு பத்திக்கினு பொகை. பிளேடுலேருந்து ஒரு பல்லு பிச்சிக்கினு போயி தண்ணி டிரம்முல டங்குன்னு அடிச்சுது. மிஷினு எகிறிச்சு. முனிரத்தினம் அதக் கீழ போட்டுட்டு, "என் காதோரமா போச்சும்மா!"ன்னு குந்திக்கினான். யார் கண்ணுலனா பட்டிருந்தா? பூட்டுல பாத்தா நகத்தால கீறின மாதிரி ஒரே ஒரு கோடு.

பசு? அது கயித்த இஸ்துக்கினு பாய்ஞ்சுது. எதிர்ல சரோஜம்மா தன் வூட்டாண்டயே இன்னொரு புது வூடு கட்டி சும்மா தொறந்து வெச்சிருந்தாங்க. நேரா உள்ள போயி, நடுக்கூடத்துல நின்னு, நம்ம வூட்ல போட வேண்டிய சாணிய அங்க போட்டுடுச்சு!

"அய்யோ, பிலுவகுண்டா லட்சுமி வச்சிந்தி!"ன்னு அந்தம்மா ஆரத்தித் தட்டத் தூக்கிக்கினு ஓடறாங்க. கூப்புடாமயே லட்சுமி வந்துடுச்சாம்! பூசை முடிக்காம பசுவ அனுப்ப மாட்டாங்களாம்.

நான் கேட்டப் புடிச்சுக்கினு "ஏழுமலையானே"ன்னு ஒரு உலுக்கு உலுக்கினேன். கேட்டுக்கு மேல கம்பியில திருஷ்டிக்குக் கட்டி வெச்ச பூசணிக்கா, ரம்பம் போட்ட ஆட்டத்துலயே முடிச்சு தளர்ந்திருந்துது போல. தொப்புன்னு என் காலாண்ட வுழுந்து ஒடஞ்சுது. அத சுத்தியிருந்த செவப்புத் துணியிலேருந்து ணங்குன்னு ஒரு சத்தம்.

சாவி!

அப்பதான்டி ஞாபகம் வந்துது. திருஷ்டி பூசணிக்காய எந்தத் திருடன் தொடுவான்னு, மொத நாளு அந்தத் துணியில சாவிய முடிஞ்சு கட்டினதே நான்தான். எல்லாரு தலைக்கு மேலயும் தொங்கிக்கினே இருந்திருக்குது.

சம்பந்தியம்மா ஓட்டை வுழுந்த புடவையோட வந்து சாவிய எடுத்துத் தொறந்தாங்க. எதிர் வூட்டு பூசை முடிஞ்சதும் முனிரத்தினம் பசுவ இஸ்தாந்து உள்ள வுட்டான். அய்யரு "ம், ம், சீக்கிரம்"ங்கறதுக்குள்ள, ஏழரை ஆவறதுக்கு முன்னாடியே பாலு பொங்கிடுச்சு. மல்லிகா சிரிச்சா. எனக்கு அது போதும்.

ஆனா இந்த சம்பந்தியம்மா கீறாங்களே! அந்தப் பல்லு போன பிளேட வாங்கி, மஞ்சப் பூசி, பூசணிக்கா தொங்கின எடத்துல மாட்டிட்டாங்க. வூட்டுக்கு யாரு வந்தாலும் காட்டறாங்க. "இது எங்க சம்பந்தி போட்டோ." எம் பேரப்புள்ள கீறானே, எனக்குப் பல்லு செட்டு கட்டினதுலேருந்து முறுக்கு நீட்டிக்கினு நிக்கறான். "ஆயா, வேற பிளேடு போட்டுட்டியே, இப்ப கடி!" நானும் கடிக்கறேன். அவன் சிரிக்கறதப் பாக்கணுமே.

இன்னாடி தீயற நாத்தம்? அடிப் பாவி, ஞாபகப்படுத்துன்னு சொன்னேனே! பாலு பொங்கி அடுப்பெல்லாம் வழியுதே, எழுந்து வழி வுடுடி!