கப்பல்காரரும் எதிர்க்காற்றும்

போன சாரல் காலத்தில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் சரியாக நாலு இருபதுக்கு, இலஞ்சி பக்கத்துக் குளத்தில் ஒரு மஞ்சள் படகின் பாய் பொத்தென்று சாய்ந்தது. படகில் என் மகள் இருந்தாள்.

அந்த நிமிடம் வரை, தென்காசிக்குக் கடல் இல்லாத குறையை ஒற்றை ஆளாகத் தீர்த்துவைத்தவர் கப்பல்காரர் என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். துபாயிலிருந்து திரும்புகிறவர்கள் கம்பளி, டிவி, தைலம் என்று கொண்டுவருவார்கள். இவர் ஒரு படகு கொண்டுவந்தார். சைக்கிள் மாதிரி மிதித்தால் அடியில் இரண்டு துடுப்புகள் ஆடும். காற்று வந்தால் பாய் விரிக்கலாம். இரண்டு பேர் உட்காரலாம். புது ஃப்ரிட்ஜ் வருகிறது என்று இடம் ஒழித்து வைத்திருந்த அவர் மனைவி மூன்று நாள் அவரோடு பேசவில்லையாம்.

கோடையில் குளம் வற்றினால் படகு மொட்டைமாடிக்கு ஏறும். அதில் உட்கார்ந்து தினமும் ஒரு மணி நேரம் வெறுங்காற்றை மிதிப்பார். கேட்டால், "கால் மறந்திரக் கூடாதுல்லா டீச்சர்" என்பார். மழைக்காற்றைக் கண்டு மாடியில் பாய் ஏறினால் தெருப் பெண்கள் வத்தலை வாரிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். வானிலை அறிக்கையை விட அந்தப் பாய் நம்பகமானது.

சாரல் காலத்துக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக ஒரே திசையில் அடிக்கும். மேல்கரையில் பாய் விரித்தால் ஐந்தே நிமிடத்தில் கீழ்க்கரை. பிறகு பாயைச் சுருட்டிவிட்டு, முக்கால் மணி நேரம் மூச்சிரைக்க மிதித்துத் திரும்புவார். ஏழு வருடமாக இதுதான் அவருடைய கடற்பயணம். யாரையும் ஏற்றியதில்லை, மனைவியைக்கூட.

பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என் மகள் தர்ஷினிதான் ஒருநாள் வாயைக் கொடுத்தாள்.

"மாமா, எதிர்க்காத்துலயும் பாய் போட்டு வரலாம். நேரா வராம, வளைஞ்சு வளைஞ்சு வரணும்."

"ஏட்டி, காத்து அங்கன தள்ளுது. படகு எப்படி இங்கன வரும்?"

"வரும் மாமா. நான் வீடியோல பாத்தேன்."

இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார். மூன்றாம் நாள் மிதவைச் சட்டையோடு எங்கள் வாசலில் நின்றார். "டீச்சர், பிள்ளைகிட்ட ஒரு வித்தை கத்துக்கிடணும். அனுப்பி வைங்க." ஐம்பத்தெட்டு வயது மனிதர் அப்படிக் கேட்டால் மறுக்க முடியுமா? அனுப்பிவைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை வித்தை பலித்தது. கீழ்க்கரையிலிருந்து இடமாக ஒரு வளைவு, வலமாக ஒரு வளைவு. "வருதுட்டி! ஏட்டி, எதிர்க்க வருது!" என்று அவர் போட்ட கூச்சல் மேல்கரையில் நின்ற எங்களுக்கே கேட்டது. மூன்றாவது வளைவில் படகு தாமரைக்கொடிக்குள் புகுந்தது. துடுப்பு சிக்கியது. குற்றாலத்து மலை அப்போது பார்த்து ஒரு காற்றை அனுப்பியது. பாய் சாய்ந்தது. ஆளுயரச் சம்புக் கோரைப் புதர் மறைத்ததால் அதற்குப் பிறகு எதுவும் தெரியவில்லை.

பக்கத்தில் டீ ஃபிளாஸ்க்கோடு நின்ற அவர் மனைவி முணுமுணுத்தார். "அவுகளுக்கு நீச்சல் தெரியாதே."

"என்னது? ஏழு வருசமா படகு ஓட்டுதாரு!"

"கப்பல்ல இருக்கவன் எதுக்கு நீந்தணும்னு கேப்பாக, டீச்சர்."

நான் தர்ஷினியின் எண்ணை அழுத்தினேன். என் கைப்பைக்குள்ளேயே மணி அடித்தது. நனைந்துவிடும் என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தாள். அது அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டே நின்றேன்.

இருபது நிமிடம் இருக்கும். சம்பு விலகியது. முதலில் ஒரு தலை தெரிந்தது. கழுத்தளவு தண்ணீரில், தோளில் தாமரைக்கொடி தொங்க, படகில் உபரியாகக் கிடந்த நீளக் கைத்துடுப்பால் ஒவ்வொரு அடியையும் குத்திப் பார்த்துக் கப்பல்காரர் நடந்து வந்தார். இடுப்பில் கட்டிய கயிற்றில் படகு பின்னால் வந்தது. அதில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் இரண்டு மிதவைச் சட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அவர் மேல் ஒன்றும் இல்லை.

கரையேறியவர் நடுங்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்கத் தயங்கிச் சொன்னார். "பிள்ளையோட ஒரு செருப்பு மட்டும் போயிட்டு டீச்சர். மத்தபடி பிள்ளை அப்படியே இருக்கா, நல்லா பாத்துக்கிடுங்க."